எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் கருவுறுதல்: தாய்சேய் நலம் குறித்த ஓர் ஆய்வுநிலை விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை செய்துகொண்ட பெண்கள் பின்னர்க் கருவுறும்போது தாய்க்கும் சேய்க்கும் விளையும் நன்மைகளையும் இடர்களையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. சுவீடன் நாட்டுப் பிறப்புப் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டு 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு ஆய்வுகள் இதன் முதன்மைச் சான்றுகளாகும். அறுவையானது கர்ப்பகால நீரிழிவைப் பெரிதும் குறைக்கிறது; அதேவேளையில் கருவயதுக்குச் சிறிய குழந்தை பிறக்கும் வாய்ப்பையும் ஊட்டச்சத்துக் குறைவையும் கூட்டுகிறது. அறுவை நடந்த செய்தி மகப்பேறு மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் பின்னவற்றுள் பலவற்றை முன்னரே தடுக்க இயலும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

குறிச்சொற்கள்: உடற்பருமன், இரைப்பைச் சுற்றுவழி, குழல்வடிவ இரைப்பை, கர்ப்பகால நீரிழிவு, வைட்டமின் பி12, தாய்ப்பால்.

முன்னுரை

கருவுற்ற பெண்ணை ‘வாயும் வயிறுமாக இருக்கிறாள்’ என்று சொல்வது தமிழர் வழக்கு. தாய் உண்பதே சேய்க்கு உணவு என்னும் அறிவு அத்தொடருக்குள் அடங்கியிருக்கிறது. அவ்வாறு உண்ணும் உணவு சென்று தங்கவேண்டிய இரைப்பையே அறுவையால் கைப்பிடி அளவாகச் சுருக்கப்பட்டிருக்குமானால் அப்பெண்ணின் கர்ப்பம் எவ்வாறு அமையும்? இவ்வினா இன்று அரிய வினாவன்று. அமெரிக்காவில் 1998-க்கும் 2005-க்கும் இடையில் இவ்வறுவைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்பது மடங்காயிற்று. செய்துகொண்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் 18 முதல் 45 வயதுக்குட்பட்ட பெண்கள். இந்தியாவிலும் பெருநகர மருத்துவமனைகளில் இது வழக்கமான அறுவைகளுள் ஒன்றாகிவிட்டது.

சொல்லாட்சி குறித்து ஒன்று கூறவேண்டும். ‘எடைக்குறைப்பு அறுவை’ என்னும் பெயர், உடலிலிருந்து கொழுப்பை வெட்டி எடுப்பதுபோன்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. உண்மையில் இவ்வறுவை கொழுப்பைத் தொடுவதில்லை. உணவு செல்லும் பாதையை மாற்றியமைக்கிறது. எடை குறைந்தபின்னும் அம்மாற்றம் உடலில் நிலைத்திருக்கும். ஐந்தாண்டுகளுக்குப் பின் கருவுறும் பெண்ணிடமும் அது இருக்கும். இதனை மனத்திற்கொண்டு மேற்செல்வது நலம்.

அறுவையின் இயல்பு

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966-இல் செய்த அறுவையே இன்றைய இரைப்பைச் சுற்றுவழி அறுவையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள சிறு பையைப் பிரித்து, அதனை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பது இதன் முறை. எஞ்சிய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் உணவு தொடாமலே சென்றுவிடும். குழல்வடிவ இரைப்பை அறுவையில் குடல் மாற்றப்படுவதில்லை. இரைப்பையின் முக்காற்பங்குக்கு மேல் வெட்டி நீக்கப்பட்டு வாழைப்பழம்போல் நீண்ட குழல் ஒன்று எஞ்சும். இந்தியாவில் பெரிதும் செய்யப்படுவது இவ்விரண்டாம் முறையே.

இரும்பும் கால்சியமும் பெருமளவு உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். வைட்டமின் பி12 உணவுப் புரதத்திலிருந்து பிரிவதற்கு இரைப்பை அமிலமும், குடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்படுவதற்கு இரைப்பைச் சுவரில் சுரக்கும் தனிப்புரதம் ஒன்றும் தேவை. ஆகவே சுற்றுவழி அறுவையில் இம்மூன்றும் குறைவதும், குழல்வடிவ அறுவையில் இரும்பும் பி12-உம் குறைவதும் எதிர்பார்க்கத்தக்கனவே. உண்ணும் அளவு குறைவதால் மட்டும் இக்குறை ஏற்படுவதில்லை. ‘நன்றாகச் சாப்பிடுகிறேன்’ என்று ஒரு பெண் சொல்வது அவள் குருதியில் சத்து நிறைந்திருப்பதற்குச் சான்றாகாது.

எடை குறையத் தொடங்கிய சில மாதங்களிலேயே, பல ஆண்டுகளாக ஒழுங்கற்றிருந்த மாதவிலக்கு சீராவதுண்டு. சினைப்பை நீர்க்கட்டி நோயால் குழந்தைப்பேறு வாய்க்காதிருந்தோர் எதிர்பாராமல் கருவுறுவது இதனால்தான். சுற்றுவழி அறுவைக்குப்பின் கருத்தடை மாத்திரைகள் குடலில் முழுமையாக உறிஞ்சப்படாமற் போகலாம் என்பதால், கருப்பையுள் பொருத்தும் சாதனம் போன்ற வாய்வழி அல்லாத முறைகளையே மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. ‘இத்தனை ஆண்டு தங்காதது இப்போதா தங்கப்போகிறது’ என்னும் எண்ணம் இங்குப் பொருந்தாது.

சுவீடன் பதிவேடு தரும் சான்று

கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த காரி யோகான்சனும் குழுவினரும் 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. 2006 முதல் 2011 வரை சுவீடனில் நிகழ்ந்த ஒற்றைக் கரு மகப்பேறுகளுள், தாய் முன்னரே அறுவை செய்துகொண்டவையும் அறுவைக்கு முந்தைய எடை பதிவானவையுமாக 670 கர்ப்பங்களை அவர்கள் கண்டறிந்தனர். அவற்றுள் 98 விழுக்காடு சுற்றுவழி அறுவை. ஒவ்வொன்றுக்கும் இணையாக, அறுவை செய்துகொள்ளாத, ஆனால் அதே அளவு பருமனும் அதே வயதும் ஒத்த பின்புலமும் உடைய பெண்களின் கர்ப்பங்கள் ஒப்பிடப்பட்டன. ஒப்பீடு யாரோடு என்பது முதன்மையானது. இயல்பான எடையுடைய பெண்ணோடு ஒப்பிட்டால் அறுவை செய்துகொண்டவளின் நிலை குறையாகவே தோன்றும். அறுவை செய்யாதிருந்தால் அவளே எவ்வாறு இருந்திருப்பாளோ அந்நிலையோடு ஒப்பிடுவதே நேரிய முறை. பதிவேட்டின் துணையால் அந்நிலைக்கு இயன்றவரை நெருங்கியதே இவ்வாய்வின் சிறப்பு.

கர்ப்பகால நீரிழிவு ஒப்பீட்டுக் குழுவில் 6.8 விழுக்காடு, அறுவைக் குழுவில் 1.9 மட்டுமே. கருவயதுக்குப் பெரிய குழந்தைகள் 22.4 விழுக்காட்டிலிருந்து 8.6 ஆகக் குறைந்தன. பெரிய குழந்தை என்றால் பேறுகாலத்தில் தோள் சிக்குதல், பிறந்தவுடன் சர்க்கரை தாழ்தல் முதலிய இன்னல்கள் உண்டு என்பதால் இக்குறைவு சிறிதன்று. மறுபுறம், கருவயதுக்குச் சிறிய குழந்தைகள் 7.6 விழுக்காட்டிலிருந்து 15.6 ஆக, அதாவது இருமடங்காக உயர்ந்தன. கர்ப்பகாலம் சராசரியாக நாலரை நாள் குறைந்தது. குறைமாதப் பேற்றில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.

இவ்வாய்வில் மிகுந்த விவாதத்திற்குள்ளான எண் வேறு. குழந்தை இறந்து பிறத்தல் அல்லது பிறந்த 28 நாட்களுக்குள் இறத்தல் அறுவைக் குழுவில் 1.7 விழுக்காடாகவும் ஒப்பீட்டுக் குழுவில் 0.7 விழுக்காடாகவும் இருந்தது. புள்ளியியல் நோக்கில் இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். எல்லைக்கோட்டின் மீதே அது நிற்கிறது. இதனைக் காட்டி அறுவையே ஆகாது என்பாரும் உளர். பொருட்படுத்த வேண்டியதில்லை என்பாரும் உளர். இரண்டும் மிகை என்றே கட்டுரையாளர் கருதுகிறார். எண்ணிக்கை சிறிதாயினும் இழப்பு குழந்தையின் உயிர். ஆகவே கருவின் வளர்ச்சியை அடிக்கடி நுண்ணொலி வருடியால் அளந்து வருவதற்கு இந்த ஒரு எண்ணே போதிய காரணமாகும்.

ஊட்டச்சத்துக் குறைவால் பிறவிக்குறைகள் பெருகுமோ என்னும் அச்சம் நெடுநாள் நிலவியது. சுவீடன் பதிவேட்டிலிருந்தே 2019-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அதனைப் பெரிதும் தணித்தது. சுற்றுவழி அறுவை செய்துகொண்ட 2,921 தாய்மாரின் குழந்தைகளுள் பெரும் பிறவிக்குறை 3.4 விழுக்காடு, ஒத்த பருமனுடைய பிற தாய்மாரின் குழந்தைகளுள் 4.9 விழுக்காடு. ஃபோலிக் அமிலக் குறைவோடு தொடர்புடைய நரம்புக்குழாய்க் குறை அறுவைக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. கருவுறும் வேளையில் தாயின் சர்க்கரை சீராக இருந்ததே இதற்குக் காரணமாகலாம்.

காத்திருக்க வேண்டிய காலம்

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுவைக்குப்பின் 12 முதல் 24 மாதங்கள்வரை கருவுறுதலைத் தள்ளிவைக்கக் கூறிற்று. எடை விரைந்து குறையும் காலத்தில் தாயின் உடலே பட்டினியை ஒத்த நிலையிலிருப்பது இதன் காரணம். வாசிங்டன் மாநிலப் பதிவுகளைக்கொண்டு 2017-இல் வெளிவந்த ஆய்வில், அறுவைக்கும் மகப்பேற்றுக்கும் இடையில் ஈராண்டுகூட ஆகாதவர்களுள் 17.2 விழுக்காட்டினருக்குக் குறைமாதப் பேறு நேர்ந்தது. நான்காண்டு கடந்தவர்களுள் அது 11.8 விழுக்காடு.

ஆயினும் இதனை எல்லார்க்கும் ஒரே அளவாகச் சொல்லிவிட முடியாது. 37 வயதில் அறுவை செய்துகொண்டவளுக்கு இரண்டாண்டு என்பது மிக நீண்ட காலம். எடை ஓரளவு நிலைபெற்றதா, குருதிச் சோதனைகள் சீராக உள்ளனவா என்பவற்றைக் கொண்டு முடிவெடுப்பதே தக்கது. முன்கூட்டியே கருத்தரித்துவிட்டால், அது ஒன்றே கருவைக் கலைப்பதற்குக் காரணமாகாது. கண்காணிப்பைக் கூட்டவேண்டும், அவ்வளவே.

மசக்கையும் குளுக்கோஸ் நீரும்

முதல் மூன்று மாதங்களில் பெரும் இடர் தரக்கூடியது வாந்தி. மசக்கை என்று அதனைப் பொறுத்துக்கொள்வது நம் வழக்கம். மிகுந்தால் அருகிலுள்ள மருத்துவமனையில் ‘குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு’ வீடு திரும்புவர். வைட்டமின் பி1 எனப்படும் தயமின் உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமே இருப்பில் இருக்கும். ஏற்கெனவே குறைவாக உண்ணும் பெண் தொடர்ந்து வாந்தியெடுத்தால் அவ்விருப்பு விரைவில் தீரும். குளுக்கோஸை உடல் பயன்படுத்துவதற்குத் தயமின் வேண்டும். தயமின் தீர்ந்த உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கண்ணசைவு தடுமாறுதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள். காலந்தாழ்ந்தால் நினைவாற்றல் மீளாமற் போவதும் உண்டு. குளுக்கோஸுக்கு முன்பாகவோ அதனுடனோ தயமினை ஊசிவழி செலுத்துவதே இதற்கான தடுப்பு. விலை குறைந்த, எளிதிற் கிடைக்கும் மருந்துதான். ஆனால் அறுவை நடந்தது தெரிந்தாலன்றி அதனை நினைப்பார் அரியர்.

ஏனைய சத்துகளைப் பொறுத்தவரை, கருவுறுவதற்கு முன்னும் பின்னர் மும்மாதத்திற்கு ஒருமுறையும் குருதியில் இரும்பு இருப்பு, பி12, ஃபோலேட்டு, கால்சியம், வைட்டமின் டி, வைட்டமின் ஏ ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும் என்று 2019-இல் பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. கருவுற்றவர்களுக்கு அரசு வழங்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன, பி12 இல்லை. பி12 குறைந்த பெண்ணுக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் சோகை நீங்கியதுபோல் தோன்றும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும். எனவே அம்மாத்திரையோடு பி12-உம் தனியே, தேவையாயின் ஊசியாக, அளிக்கப்படவேண்டும். மரக்கறி மட்டும் உண்போர்க்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கால்சியத்தை அமிலம் தேவைப்படாத சிட்ரேட்டு வடிவில் கொள்வதும், இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணிநேர இடைவெளி விடுவதும் நலம். வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்குக் கேடு. ஆகவே மாத்திரையில் ரெட்டினால் வடிவைத் தவிர்த்துப் பீட்டா கரோட்டின் வடிவையே தேர்வர். முருங்கைக்கீரையும் பரங்கியும் தருவது இதையே.

தமிழகத்துச் சர்க்கரைச் சோதனையும் அதன் சிக்கலும்

கர்ப்பகால நீரிழிவை எல்லாப் பெண்களிடமும் கண்டறிய இந்தியாவில் வழங்கும் ஒற்றைச் சோதனைமுறை சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேசையாவின் பணியிலிருந்து உருவானது. அவர் பிறந்தநாளான மார்ச் 10 தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உணவு உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை நீரிற் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணிநேரத்திற்குப் பின் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டியதா என்று பார்ப்பதே அம்முறை. வெறும் வயிற்றோடு தொலைவிலிருந்து வர இயலாத சிற்றூர்ப் பெண்களை நினைந்து அமைக்கப்பட்ட, பல்லாயிரவர்க்குப் பயன்பட்ட முறை அது.

சுற்றுவழி அறுவை செய்துகொண்டவளுக்கு மட்டும் அம்முறை பொருந்துவதில்லை. இரைப்பையில் தங்கிச் சிறிது சிறிதாக இறங்கவேண்டிய இனிப்பு நீர் ஒரேயடியாகச் சிறுகுடலில் விழுகிறது. படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, மயக்கம் ஆகியன உடனே தோன்றலாம். அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்குள் சர்க்கரை மிக உயர்ந்து, அதற்கு எதிராக இன்சுலின் மிகையாகச் சுரந்து, இரண்டாம் மணியில் சர்க்கரை இயல்பிலும் கீழே சென்றுவிடும். நாம் குருதி எடுப்பது அந்த இரண்டாம் மணியில்தான். நீரிழிவு உள்ள பெண்ணும் அப்போது நலமுள்ளவளாகத் தோற்றமளிப்பாள்! மேலும், குளுக்கோஸ் குடித்த அரைமணிக்குள் வாந்தியெடுத்தால் மறுநாள் மீண்டும் குடிக்கச் செய்யவேண்டும் என்பது விதி. காரணம் அறியாத இடத்தில் அப்பெண் இருமுறை இன்னலுறுவாள்.

இதற்கு மாற்று உண்டு. 24 முதல் 28 வாரங்களுக்குள் ஏறத்தாழ ஒரு வாரகாலம் வீட்டிலேயே விரல்நுனிக் குருதியைக் கருவியால் சோதித்து, வெறும் வயிற்றில் 95, உணவுக்கு ஒருமணி கழித்து 140, இரண்டு மணி கழித்து 120 மில்லிகிராமுக்குள் உள்ளதா என்று பார்ப்பதாகும். மூன்றுமாதச் சராசரி காட்டும் சோதனை சோகையுள்ளவரிடம் பிழைபடும் என்பதால் அதனை மட்டும் நம்புதல் கூடாது. இதையொட்டி வரும் ஏழாம் மாத வளைகாப்பில், கலந்த சாதங்களோடு இனிப்புகளையும் ஆளுக்கொரு வாய் ஊட்டுவது மரபு. இனிப்பை மட்டும் அன்று விலக்கிக்கொள்வதால் மங்கலம் குறைந்துவிடாது.

கடை மாதங்களில் வயிற்றுவலி

சுற்றுவழி அறுவையின்போது குடலைத் தாங்கும் சவ்வில் இடைவெளிகள் உண்டாகின்றன. அறுவையின்போதே அவற்றைத் தைத்து மூடுவது இப்போது பரவியுள்ள முறை. எனினும் எடை குறைய அவை மீண்டும் திறக்கலாம். கருப்பை வளர்ந்து குடலை மேல்நோக்கித் தள்ளும்போது குடலின் ஒரு பகுதி அவ்விடைவெளிக்குள் நுழைந்து முறுக்கிக்கொள்வதுண்டு. பெரும்பாலும் இது கடை மும்மாதத்தில் நேர்கிறது. மேல்வயிற்றில், சிலபோது முதுகுவரை பரவும் வலியே முதல் அறிகுறி. அதனைச் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்து ஓய்ந்திருப்பதும், நெஞ்செரிச்சல் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதும் இயல்பாக நேரக்கூடியவையே. நுண்ணொலி வருடி இதனைப் பலபோது காட்டாது. குருதிச் சோதனைகளும் தொடக்கத்தில் சீராக இருக்கலாம். சில மணிநேரத் தாழ்வில் குடல் அழுகி, தாய் சேய் இருவர் உயிருக்கும் இறுதி நேரலாம். கதிர்வீச்சுக்கு அஞ்சிக் கணினி வருடியைத் தவிர்ப்பதைவிட, அதனைச் செய்து உடனே அறுவை வல்லுநரை அழைப்பதே பாதுகாப்பு. இக்கட்டுரையில் கூறப்பட்டவற்றுள் காலம் மிகவும் நெருக்குவது இதுவே.

பிறந்த குழந்தை

பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. தாய்ப்பாலும் தடையின்றிக் கொடுக்கலாம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2006-இல் வெளிவந்த ஆய்வொன்று, அறுவைக்குப்பின் பிறந்த 172 பிள்ளைகளை அறுவைக்குமுன் பிறந்த அவர்தம் உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டு, பின்பிறந்தாரிடம் உடற்பருமன் பாதியளவாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் இவ்வேறுபாடு தோன்றியமையே அதனைக் குறிப்பிடத்தக்கதாக்குகிறது.

ஆயினும் இரண்டு இடர்களைக் கருதவேண்டும். கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்படும் வைட்டமின் கே தாயிடம் குறைந்தால் சேயின் குருதி உறைவதில் குறை நேரும். மூளைக்குள் குருதி கசிந்த ஐந்து குழந்தைகளைப் பற்றிப் பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள் 2010-இல் எழுதியுள்ளனர். பிறந்தவுடன் போடப்படும் வைட்டமின் கே ஊசியை இக்குழந்தைகளுக்கு எக்காரணம் கொண்டும் விட்டுவிடலாகாது.

மற்றொன்று பி12. சுற்றுவழி அறுவை செய்துகொண்ட தாயிடம் பால் குடித்த குழந்தைக்கு இக்குறைவு ஏற்பட்டதை 1994-லேயே மருத்துவ இதழொன்று பதிவுசெய்தது. தாய்க்குச் சோர்வன்றி வேறு குறி இல்லாதிருக்கும்போதே சேய்க்கு அது முற்றிவிடும். பிறந்த சில மாதங்கள்வரை குழந்தை இயல்பாக வளரும். பின்னர் முகம் பார்த்துச் சிரித்த குழந்தை சிரிப்பதை நிறுத்தும். நின்ற தலை மீண்டும் சாயும். பால் வேண்டாது சிணுங்கும். ஊசி போட்ட சில நாட்களிலேயே மாற்றம் தெரியும். ஆனால் காலந்தாழ்ந்தால் வளர்ச்சிக்குறை எஞ்சக்கூடும். தாய்க்குப் பி12 தொடர்ந்து கொடுப்பதே சேய்க்கும் மருந்து.

இங்குத்தான் அறுவையை மறைக்கும் வழக்கம் இடராகிறது. நுண்துளை அறுவையின் தழும்பு அரை அங்குலம்கூட இராது. திருமணத்திற்கு முன் செய்துகொண்டதைக் கணவன் வீட்டாரிடம் சொல்லாத பெண், மாமியார் அருகிருக்க மருத்துவர் ‘முன்பு ஏதாவது ஆபரேசன் செய்திருக்கிறீர்களா’ என்று கேட்டால் இல்லையென்றே தலையசைக்கக்கூடும். ‘எடை குறைய வயிற்றில் சிகிச்சை எடுத்ததுண்டா’ என்று, அவளைத் தனியே அழைத்து, முதல் வருகையிலேயே பெயர்சொல்லிக் கேட்கவேண்டும். அவள் இசைவோடு அவ்விடையைக் குழந்தையின் தடுப்பூசி ஏட்டிலும் ஒரு வரியாக எழுதிவைத்தல் வேண்டும். ஐந்தாம் மாதத்தில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் வருபவர் பாட்டியாக இருந்தால், அச்செய்தி அவருக்கே தெரியாதிருக்கலாம்.